பச்சை எரிந்த இரண்டு சுற்றுகள்

தேவானைக்கு அடியின் சத்தம் தெரியும்.

பட்டினப்பாக்கம் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் மட்டுமே உள்ள வீட்டில் வளர்ந்தவள். அவர்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா குடித்துவிட்டு வரும் நாட்களில் அம்மா அவளையும் தம்பியையும் குளியலறைக்குள் தள்ளி, வெளியே தாழ் போட்டுவிடுவாள். உள்ளே இருட்டு. வெளியே நடப்பது தெரியாது, கேட்கும். கையை விரித்து அறைந்தால் ஒரு சத்தம். முஷ்டியால் குத்தினால் சத்தம் குறைவு, ஆனால் அதன் பின்னால் அம்மாவின் மூச்சு மொத்தமாக வெளியேறுவது கேட்கும். தலை சுவரில் மோதினால் அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் தம்ளர்கள் நடுங்கும். அவள் எண்ணுவாள். பதினொரு அடி விழுந்திருந்தாலும் மறுநாள் அம்மா மீன் கடைக்குப் போய்விடுவாள். தம்ளர்கள் நடுங்கியிருந்தால், இரண்டே அடியானாலும் போகமாட்டாள். அடியின் எண்ணிக்கை வேறு, கனம் வேறு என்பதை எட்டு வயதில், யாரும் சொல்லாமல், அந்தக் குளியலறையில் அவள் தெரிந்துகொண்டாள்.

நைனா ஏன் அடித்தார் என்பதற்குப் பக்கத்து வீடுகளில் பல காரணங்கள் சொல்வார்கள். கடலில் மீன் இல்லை, குடி, சந்தேகம். தேவானை அவற்றில் எதையும் ஏற்றுக்கொண்டதில்லை. எதிர்வீட்டு ஆளும் அதே படகில்தான் போனார், அதே கடையில்தான் குடித்தார். அவர் அடிக்கவில்லை.

துரைராஜ் அவளைவிட ஐந்து வயது இளையவன். பதினாறு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், குளியலறைக் கதவைத் தோளால் இடித்துத் தாழ்ப்பாளோடு பெயர்த்துக்கொண்டு வெளியே போனான். தேவானை உள்ளேயே நின்றாள். மூன்று சத்தம். மூன்றும் முஷ்டி. மூன்றாவதில் எலும்பு இருந்தது. அவள் வெளியே வந்தபோது நைனா சமையல் மூலையில் உட்கார்ந்து, தன் உள்ளங்கையில் கிடந்த இரண்டு பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார், லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டார், படியிறங்கிப் போனார். காசிமேட்டில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். திரும்பி வரவில்லை.

அம்மா துரைராஜை ஓங்கி அறைந்தாள். “பெத்தவன் மேலயே கை வச்சிட்டியேடா பாவி” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் விற்பனைக்கு வைத்திருந்த வஞ்சிரத்தில் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து அவனுக்கு வறுத்துப் போட்டாள்.

அந்தச் செய்தி குடியிருப்பு முழுக்கப் பரவி, கடற்கரைப் பக்கம் தகரக் கொட்டகையில் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்துவந்த அப்துல் சமத் காதுக்கும் போனது. அவரே ஆள் அனுப்பி அவனைக் கூப்பிட்டார். “குடிச்சவன அடிக்கிறதெல்லாம் சண்டையில்ல தம்பி. திருப்பி அடிக்கிறவன் எதிர்ல நின்னு காட்டு, பாக்கலாம்” என்றார். துரைராஜ் நின்றான். எட்டு வருடம் நின்றான்.

தேவானை பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தாள். தி. நகரில் ஷகீலா என்பவர் நடத்திய லேப்டாப் பழுதுபார்க்கும் கடையில் ஐந்து வருடம் இருந்தாள். கடையில் லைசென்ஸ் இல்லாமல் வரும் பழைய மெஷின்களில் எல்லாம் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. அங்கே பிடித்துக்கொண்ட பழக்கம், அடையாறில் சுஹாஸ் என்பவரின் சிறிய கம்பெனியில் அவளுக்கு வேலை வாங்கித் தந்தது. ஒரு வீட்டின் முதல் மாடி, இரண்டு அறை, நான்கு பேர். குளிர்பதனக் கிடங்குகளுக்கும் லிஃப்ட்டுகளுக்கும் வெப்பத்தையும் அசைவையும் அளக்கும் சென்சார் போர்டு செய்தார்கள்.

லினக்ஸில் ஒரு சென்சாரைப் பொருத்தினால் அதை ஓட்டுவது டிரைவர் என்னும் பகுதி. டிரைவர் அந்தச் சென்சாரை வெளியே ஒரு ஃபோல்டராகக் காட்டும். உள்ளே சின்னச் சின்னக் கோப்புகள். ஒன்றைத் திறந்தால் இந்தக் கணத்தின் அளவு ஓர் எண்ணாக இருக்கும். இன்னொன்றில், அந்த எண்ணை எதனால் பெருக்க வேண்டும் என்று இருக்கும். அந்தக் கோப்புகள் உண்மையில் எங்கும் எழுதி வைக்கப்பட்டவை அல்ல. திறக்கும் போதுதான் டிரைவர் சென்சாரைக் கேட்டுப் பதிலை நிரப்புகிறது. கேட்டால் மட்டும் பதில் சொல்லும், கேட்காதவரை சும்மா இருக்கும் ஒரு பொருள் தேவானைக்குப் பிடித்திருந்தது. அவள் வளர்ந்த வீட்டில் எல்லாமே கேட்காமல் வந்தன.

அந்தக் கோப்புகளுக்கு ஒரு விதி உண்டு. படிக்க எந்த சாதாரண புரோகிராமுக்கும் அனுமதி இருக்கும். எழுத, அதாவது சென்சார் நடந்துகொள்ளும் விதத்தை மாற்ற, ரூட் என்ற முழு அதிகாரம் வேண்டும். வேடிக்கை பார்ப்பதற்கு எல்லோரையும் விட்டு, கை வைப்பதற்கு ஒருவனை மட்டும் விடும் ஏற்பாடு. அவள் அதை தினமும் உபயோகித்தாள், யோசித்துப் பார்த்ததில்லை.

செப்டம்பரில் துரைராஜ் பயிற்சியில் அடிபட்டு விழுந்தான். தாடையில் வலது கை நேராக இறங்கியது. கயிற்றைப் பிடிக்கக் கை நீட்டி, கயிறு இல்லாத இடத்தைப் பிடித்தான். பின்மண்டை ரிங்கின் தரைப் பலகையில் மோதியது. அரை நிமிடம் கண் திறக்கவில்லை. எழுந்ததும் கொட்டகைக்கு வெளியே மணலில் வாந்தி எடுத்தான். அரசு மருத்துவமனையில் ஒரு மாதம் ரிங் பக்கமே போகக்கூடாது என்றார்கள். மூன்றே வாரத்தில் தேர்வுச் சண்டை. அதில் ஜெயிப்பவன் மாநிலப் போட்டிக்குப் போவான். மாநிலத்தில் மெடல் வாங்கினால் போலீஸில் விளையாட்டு ஒதுக்கீட்டில் மனு போடலாம். அவனுக்கு வயது வரம்பு முடிய இன்னும் ஒரு வருடம்கூட முழுதாக இல்லை.

“போவாத” என்றாள் தேவானை.

“நீ இன்னா டாக்டரா?”

“டாக்டர் சொன்னதத்தான் சொல்றேன்.”

“டாக்டருக்கு இன்னா, மாசமானா சம்பளம் வருது. நான் இன்னும் எவ்ளோ நாளு ஐஸ் பொட்டி தூக்கிக்கினு கிடப்பேன்? சொல்லு!”

“செத்துட்டின்னா பொட்டி தூக்கவும் ஆளு இல்ல.”

அவன் சுவரில் குத்தினான். காரை பெயர்ந்து கீழே விழுந்தது. தம்ளர்கள் நடுங்கின. அம்மா சமையல் மூலையிலிருந்து எழுந்து, பழக்கத்தில், குளியலறைப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டாள். மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

சிறிது நேரம் கழித்து அவனே சொன்னான், குரலை இறக்கி: “யக்கா, நீதான் அந்த சென்சாரு இன்னாவோ பண்றியே. என் தலையில மாட்டிவுடு. பலமா வுழுந்தா தெரியுமில்ல? தெரிஞ்சா நானே எறங்கிடறேன். அம்மா மேல சத்தியமா.”

அவள் ஒத்துக்கொண்டாள். தம்பியின் தலை இனித் தன் பொறுப்பில் என்று அதற்கு அர்த்தம். அதைப் புரிந்துகொண்டுதான் ஒத்துக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. சண்டை ஓய்ந்ததே போதும் என்றிருந்தது.

தீப்பெட்டி அளவு போர்டு ஒன்றையும் பேட்டரியையும் அவன் தலையில் மாட்டும் கவசமான ஹெட்கார்டின் பின்பக்கத்தில், பஞ்சுக்கும் தோலுக்கும் நடுவில் வைத்துத் தைத்தாள். போர்டில் லினக்ஸ் ஓடும். அதிலிருந்த சென்சார் தலை எவ்வளவு வேகமாக அசைக்கப்படுகிறது என்பதை அளக்கும். பூமி நம்மை இழுப்பதை ஒன்று என்று வைத்துக்கொண்டால், தலையில் விழும் அடி முப்பது, ஐம்பது, சில சமயம் நூறு என்று வரும். அறுபதுக்கு மேல் போனால் சிவப்பு, நாற்பது முதல் மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. போர்டு வைஃபை மூலம் அவளுடைய லேப்டாப்புக்கு அனுப்பும். திரையில் நிறம் மட்டும் பெரிதாகத் தெரியும். அது சமத் மாஸ்டர் கேட்டது. “நம்பரெல்லாம் எனக்கு வாணாம்மா. சண்ட நடக்கிறப்போ கணக்கா போட முடியும்? கலரு காட்டு, போதும்” என்றிருந்தார். எண்கள் பின்னால் ஒரு கோப்பில் பதிவாகிக்கொண்டிருக்கும்.

அந்த சென்சாருக்குப் பல ரேஞ்சுகள் உண்டு. சிறிய ரேஞ்சில் வைத்தால் செல்போனைச் சாய்ப்பது போன்ற மெல்லிய அசைவும் துல்லியமாகத் தெரியும், ஆனால் இரண்டுக்கு மேல் எது வந்தாலும் இரண்டு என்றுதான் சொல்லும். பெரிய ரேஞ்சில் வைத்தால் வண்டி மோதுவதைக்கூட அளக்கும். மின்சாரம் வந்ததும் அது சிறிய ரேஞ்சில்தான் விழித்துக்கொள்ளும். புரோகிராமின் முதல் வேலை, ரேஞ்ச் கோப்பில் பெரிய எண்ணை எழுதுவது. தேவானையின் புரோகிராமும் அதைத்தான் செய்தது. அது நல்ல புரோகிராம் இல்லை. சுமார் இருநூறு வரி. சொன்னது நடந்ததா என்று எந்த இடத்திலும் திரும்பிப் பார்க்காத இருநூறு வரி.

தேர்வுச் சண்டைக்கு முந்தைய நாள் சுஹாஸ் அதைப் பார்த்தார். அபிராமபுரத்துக்காரர், மெதுவாகப் பேசுவார், அதட்டத் தெரியாது.

“ஏம்மா, இத ரூட்லயா ஓட்டிண்டிருக்க?”

“ஆமா சார். டெஸ்டுக்குத்தானே.”

“டெஸ்டுன்னு சொல்லிண்டே எல்லாரும் அப்படியே அனுப்பிடறா. வைஃபைல தொங்கற போர்டு. எவனாவது உள்ள பூந்தா முழு மெஷினும் அவன் கைல. சாதாரண யூசரா மாத்திடு. படிக்கத்தானே போற?”

அவர் சொன்னது சரி. அவள் மாற்றினாள். ஹெட்கார்டை மேஜையில் வைத்து ரப்பர் சுத்தியால் அடித்துப் பார்த்தாள். மெல்ல அடித்தால் பச்சை, ஓங்கினால் மஞ்சள், இரண்டு கையாலும் இறக்கினால் சிவப்பு. மூன்று நிறமும் வந்தன. பேட்டரி தீரக்கூடாது என்று போர்டை அணைத்துப் பையில் வைத்தாள். அணைத்ததை அவள் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

ஞாயிறு காலை பத்து மணி. கொட்டகைக்குள் இருநூறு பேர் இருந்தார்கள். தகரம் காய்ந்துகொண்டிருந்தது. எதிராளி பாலவாக்கத்துப் பிரபு. இடது கைக்காரன், துரைராஜைவிட அரை அடி உயரம், நீண்ட கை. சமத் மாஸ்டர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மூலையில் நின்றார். அந்தத் துண்டை ரிங்குக்குள் எறிந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம், சண்டை அத்தோடு முடியும். அவருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் லேப்டாப்போடு தேவானை. அம்மா வரவில்லை. கடையில் இருந்தாள்.

துரைராஜுக்கு ஒரு வழக்கம் உண்டு. மணி அடிப்பதற்கு முன் தன் தலையிலேயே கிளவுஸால் இரண்டு தட்டு தட்டிக்கொள்வான். டொப், டொப். அன்றும் தட்டிக்கொண்டான். திரையில் பச்சை.

முதல் சுற்று அவனுடையது. உயரமானவனிடம் தூரத்தில் நின்றால் அடி வாங்குவோம் என்று தெரிந்து, குனிந்து உள்ளே புகுந்து, விலாவில் அடித்தான். பிரபுவின் விலா எலும்புக்குக் கீழே மாறி மாறி இறங்கிய கிளவுஸ் ஈரச் சாக்கைத் தடியால் அடிப்பது போல் ஒலித்தது. பிரபு முழங்கையை இறக்கினான். உடனே மேலே ஒன்று, வாயில். பல் காப்பு வெளியே தெறித்து ரத்தத்தோடு பலகையில் உருண்டது. ஜனம் கத்தியது. “அப்படித்தான் மச்சி! ஒடச்சு வுடு!” பிரபு திருப்பியும் அடித்தான். நெற்றியில் இரண்டு, காதோரம் ஒன்று. பச்சை, பச்சை, பச்சை.

இடைவேளையில் மாஸ்டர் திரும்பாமலே கேட்டார். “இன்னாம்மா?”

“பச்சதான் மாஸ்டர்.”

“பாத்தியா தம்பி, ஒன்னுமில்ல. உள்ள போ, உள்ளயே இரு.”

இரண்டாவது சுற்றில் பிரபு கற்றுக்கொண்டான். உள்ளே வருபவனை வரவிட்டு, வரும் வழியில் இடது கையை வைத்தான். முதலாவது தோளில் பட்டது. அடுத்தது நெற்றிப்பொட்டில். துரைராஜின் தலை ஒரு பக்கம் போய், கழுத்து அதைத் திரும்ப இழுத்துக்கொண்டு வந்தது. முழங்கால் ஒரு கணம் மடிந்து நிமிர்ந்தது. தேவானைக்கு அந்தச் சத்தம் தெரியும். தகரக் கொட்டகையில் தம்ளர்கள் இல்லை, ஆனாலும் அவளுக்கு அவை நடுங்கின. அவள் திரையைப் பார்த்தாள். பச்சை.

காது ஒன்று சொன்னது, திரை வேறொன்று சொன்னது. அவள் திரையை நம்பினாள். அது முட்டாள்தனம் என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் காது குளியலறையில் பயந்து பயந்து வளர்ந்த காது. பலகையில் எது விழுந்தாலும் அதற்கு அம்மாவின் தலை மோதுவதாகத்தான் கேட்கும். அதன் பேச்சைக் கேட்காமல் இருக்கத்தான் அவள் இத்தனை வருடம் எண்களைக் கற்றுக்கொண்டாள். பயப்படாத ஒன்று சொல்வதைக் கேட்பதே நியாயம் என்று நினைத்தாள்.

அதே இடது கை இன்னும் இரண்டு முறை வந்தது. இரண்டாவது முறை துரைராஜின் மூக்கு உடைந்தது. ரத்தம் வாய்க்குள் போக, அதைத் துப்பிக்கொண்டே அடித்தான். புள்ளியில் அவன்தான் முன்னால் இருந்தான். மணி அடித்ததும் எதிர் மூலைக்கு நடந்தான். நடுவர் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். கூட்டம் சிரித்தது.

“பச்சையா?” என்றார் மாஸ்டர், மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டே.

“பச்ச” என்றாள். சொல்லும்போதே எண்கள் பதிவான கோப்பைத் திறந்தாள்.

2.00. 2.00. 2.00. 2.00. பக்கம் முழுக்க அதுதான். இரண்டு சுற்றில் பதிவான, சின்னதும் பெரியதுமான நாற்பத்துமூன்று அடிக்கும் ஒரே எண். உலகத்தில் எந்த இரண்டு அடியும் ஒன்றாக இருந்ததில்லை என்பது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். கோப்பின் மேலே போய் முதல் வரிகளைப் பார்த்தாள். மணிக்கு முன்னால் இரண்டு பதிவு. துரைராஜ் தன் தலையில் தானே தட்டிக்கொண்ட இரண்டு தட்டு. அதுவும் 2.00. பொட்டில் இறங்கிய இடது கையும் 2.00.

சென்சார் சிறிய ரேஞ்சில் இருந்தது. காலையில் போர்டைப் போட்டதும் அது வழக்கம்போல் சிறிய ரேஞ்சில் விழித்திருக்கிறது. புரோகிராம் ரேஞ்சை மாற்றச் சொல்லி எழுதப் போயிருக்கிறது. அது இப்போது சாதாரண யூசர். அனுமதி இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறது லினக்ஸ். புரோகிராம் அதைக் காதில் வாங்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டது. படிக்க அனுமதி இருந்ததால் எல்லாம் ஓடியது போலவே இருந்தது. நேற்று சுத்தியால் அடித்தபோது வேலை செய்ததற்குக் காரணம், அதற்கு முன் ரூட்டாக ஓட்டியபோது வைத்த ரேஞ்ச் அப்படியே இருந்ததுதான். அணைத்ததும் போய்விட்டது.

இவ்வளவும் அவளுக்கு ஒரே மூச்சில் புரிந்தது. கை அவ்வளவு வேகமாக ஓடவில்லை. போர்டுக்குள் நுழைந்து ரூட் பாஸ்வேர்டை அடித்தாள். தப்பு. மறுபடி. கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. துரைராஜ் எழுந்து போனான். மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டது. பெரிய ரேஞ்சை எழுதினாள். திரும்பப் படித்துப் பார்த்தாள். மாறியிருந்தது.

ரிங்கில் பிரபுவின் இடது கை வந்தது. திரை முழுக்கச் சிவப்பு. 74.

“மாஸ்டர், சேப்பு! நிறுத்துங்க!”

“இன்னாது?”

“சேப்பு! எழுபத்திநாலு!”

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் இருந்தது. “ரெண்டு ரவுண்டா பச்ச பச்சன்னு சொல்லிக்கினு இருந்த?”

“அது தப்பு மாஸ்டர். ரேஞ்சு மாறல. இப்பதான்...”

“அப்போ சொன்னது பொய்யி, இப்போ சொல்றது மட்டும் நெசமா? நான் எதத்தான் நம்பறது? இவ்ளோ நேரம் ஒழுங்கா கீறான். ஜெயிச்சிக்கினு கீறான்!”

அது நியாயமான கேள்வி. பதிலும் இருந்தது, ஆனால் அதைச் சொல்ல இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ரிங்கில் துரைராஜ் கையை இறக்கிக்கொண்டு நின்றான். இறக்கியது அவனுக்கே தெரியவில்லை. பிரபு பார்த்துவிட்டான். 83.

தேவானை ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து மாஸ்டரின் தோளிலிருந்த துண்டைப் பிடித்து இழுத்தாள். அவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். எழுபது வயதிலும் கை இரும்பு. “வுடும்மா! புள்ளயோட வாழ்க்க!” அவள் குனிந்து அவர் மணிக்கட்டைக் கடித்தாள். பல் பதியக் கடித்தாள். அவர் அலறிக்கொண்டு விட்டார். துண்டு ரிங்குக்குள் போய் விழுந்தது. நடுவர் இருவருக்கும் நடுவில் புகுந்து, பிரபுவின் கையைத் தூக்கினார்.

துரைராஜுக்கு என்ன நடந்தது என்று புரியச் சில கணங்கள் ஆயின. துண்டைப் பார்த்தான். மாஸ்டர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். கயிற்றைத் தாண்டிக் கீழே குதித்தான். கிளவுஸைப் பல்லால் கடித்து இழுத்து உதறினான். ஹெட்கார்டைத் தலையிலிருந்து பிய்த்து, பட்டையைப் பிடித்து, ஒரு சுற்று சுற்றி அவள் முகத்தில் அடித்தான்.

கன்னத்து எலும்பில், போர்டு தைத்திருந்த பக்கம், இறங்கியது. அவள் ஸ்டூல் மேல் சாய்ந்து விழுந்தாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. இத்தனை வருடம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட சத்தத்தை அடிபடும் இடத்திலிருந்து அவள் கேட்டது அதுவே முதல் முறை. அங்கிருந்து கேட்டால் அதில் சத்தமே இல்லை.

கூட்டம் அடங்கிவிட்டது. யாரோ துரைராஜைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்கள். அவன் திமிறவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். தரையில் சாய்ந்து கிடந்த லேப்டாப்பின் திரை சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

தேவானைக்கு ஐந்து தையல். அம்மா கடையை அப்படியே போட்டுவிட்டு, மீன் செதில் ஒட்டிய கையோடு ஓடிவந்து, மகனின் சட்டையைப் பிடித்து மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். வழியெல்லாம் ஒரே வார்த்தைதான்: “அப்டியே அவன் மாதிரி. அப்டியே அவன் மாதிரி.” அவன் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மூக்கெலும்பு முறிவு. மண்டைக்குள் ரத்தக் கசிவு எதுவும் இல்லை. ஓய்வு எடுத்தால் போதும் என்றார்கள்.

“கேட்டுக்கோ” என்றான் துரைராஜ், அக்காவின் முகத்தைப் பார்க்காமல். “ஒன்னுமில்ல. டாக்டரே சொல்ட்டாரு. ரெண்டே நிமிசம் நின்னிருந்தா ஜெயிச்சிருப்பேன்.”

ஜெயித்திருக்கலாம். அந்த இரண்டு நிமிடத்தில் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லும் சென்சார் எதுவும் இல்லை. தான் காப்பாற்றினேன் என்று அவள் எப்போதும் சொன்னதில்லை, சொல்ல முடியவும் இல்லை. அவன் சாகவில்லை என்பதால் அவள் செய்தது வீண் என்றும், அவன் செத்திருந்தால்தான் அவள் பயந்தது சரி என்றும் ஆகிவிடுகிற ஒரு மூலையில் அவள் மாட்டிக்கொண்டாள். அதிலிருந்து வெளியே வரும் வழி தேடி அவள் யாரிடமும் வாதாடவில்லை.

திங்கட்கிழமை கட்டுப் போட்ட முகத்தோடு வேலைக்குப் போனாள். சுஹாஸ் பதறினார். “டிரைவர்ல ஏதாவது பிழையா? நான் வேற கடைசி நேரத்துல மாத்தச் சொன்னேன்...”

“இல்ல சார். நீங்க சொன்னது சரிதான். டிரைவரும் சரியாத்தான் சொல்லிச்சு. அனுமதி இல்லன்னு சொல்லிச்சு, ரேஞ்சு இதுன்னும் சொல்லிச்சு. கேட்டா எல்லாத்தையும் சொல்லியிருக்கும். நான் கேக்கல.”

அன்றே புரோகிராமை மாற்றினாள். போர்டு விழித்ததும் ரேஞ்சை வைக்க, ரூட் அதிகாரத்தோடு தனியாக ஒரு சின்னப் பகுதி. அது அந்த ஒரு வேலையைச் செய்துவிட்டு முடிந்துபோகும். அளவெடுக்கும் புரோகிராம் சாதாரண யூசராகவே இருக்கும், ஆனால் முதலில் ரேஞ்ச் கோப்பைத் திறந்து படிக்கும். எதிர்பார்த்த எண் இல்லையென்றால் பச்சையும் காட்டாது, சிவப்பும் காட்டாது. ஓடவே ஓடாது. இன்னொன்றும் சேர்த்தாள். மணிக்கு முன்னால் தலையில் இரண்டு தட்டு. அந்த இரண்டு எண்ணையும் உரக்கப் படித்த பிறகுதான் சண்டை. இரண்டும் ஒன்றாக இருந்தால் சண்டை இல்லை.

சமத் மாஸ்டர் மணிக்கட்டில் பல் தடம் ஆறும்வரை அவளைக் கொட்டகைக்குள் விடவில்லை. ஆறிய பிறகு ஆள் அனுப்பினார். “நம்பரையும் காட்டு” என்று மட்டும் சொன்னார்.

துரைராஜ் நான்கு மாதம் அவளோடு பேசவில்லை. ஒரே அறையில் நான்கு மாதம் பேசாமல் இருப்பது சுலபமில்லை. சோற்றுத் தட்டை அம்மா வழியாகத்தான் நகர்த்தினான். பிரபு மாநிலப் போட்டிக்குப் போய் முதல் சண்டையிலேயே தோற்று வந்தான் என்ற செய்தி வந்தபோது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். விடியும் முன் ஐஸ் பெட்டி தூக்கப் போனான்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் கொட்டகைக்கு வந்தான். மற்றவர்களோடு பயிற்சிச் சண்டை போட மாஸ்டர் கூப்பிட்டிருந்தார். ஹெட்கார்டைத் தானே மாட்டிக்கொண்டு, கிளவுஸ் போட்டுக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்காவின் முன்னால் வந்து நின்றான். தலையில் இரண்டு தட்டு தட்டினான்.

“இன்னா வருது?” நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

“ஏறி எறங்குது. பட்ட லூசா கீது.”

அவன் நகரவில்லை. அவள் கன்னத்தில் தையல் விழுந்த இடம் வெளுத்து, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தான்.

“அன்னிக்கு... உன் மூஞ்சில வுட்டது. அதுவும் ஏறிச்சா இதுல?”

“ஏறிச்சு.”

“எவ்ளோ?”

“நூத்திப் பதினெட்டு.”

அவன் வாயைத் திறந்து மூச்சு விட்டான். ரிங்கில் இரண்டு பேர் ஸ்கிப்பிங் கயிறு தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

“அத அழிச்சிடுக்கா.”

“மாட்டேன்.”

அவள் குரலில் கோபம் இல்லை. அவனும் மறுபடி கேட்கவில்லை. கிளவுஸ் போட்ட கையால் பின்பக்கப் பட்டையை இறுக்க முடியாது. கொஞ்ச நேரம் முயன்று பார்த்தான். பிறகு திரும்பி நின்று, அவள் கைக்கு எட்டும்படித் தலையைக் குனிந்தான். அவள் பட்டையை இழுத்து, வழக்கமான துளையை விட்டு அடுத்ததில் மாட்டினாள். வலித்திருக்கும்.

நிமிர்ந்து மறுபடி தட்டினான். டொப், டொப்.

“ஒம்போது” என்றாள் அவள் உரக்க. “பதினொன்னு.”

அவன் ரிங்குக்குள் போனான்.